ஊர் கட்டும் பள்ளிக்கூடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இளைஞரும் தொண்டும் என்ற பொதுப்பொருளில் பேச அழைத்தீர்கள். அதில் ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அறக்கட்டளைக் குழுவினர் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். வறிய நாடுகளில் பள்ளிக்கூடம் எழுப்புவதற்காக இளைஞர்கள் செய்யும் தொண்டுதான் அது. இங்கே இருப்பவர்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மண்வெட்டி பிடித்தவர்கள். சிலருக்குப் படிப்பு முடிந்ததும் நேபாளத்துக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போய் ஒரு பள்ளியாவது கட்டிக்கொடுத்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை இருக்கிறது. உயர்ந்த ஆசை அது. அதை எந்தப் பக்கம் திருப்பினால் உண்மையில் ஒரு குழந்தைக்கு எழுத்து வந்து சேரும் என்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

2015 ஏப்ரல் 25ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன், நேபாளத்தை நிலநடுக்கம் உலுக்கியது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சுவர்கள் சரிந்தன. அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அதுதான் வார விடுமுறை. வகுப்பறைகள் காலியாக இருந்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2005 அக்டோபர் 8ஆம் நாள், பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரில் நிலம் நடுங்கியபோதும் சனிக்கிழமைதான். ஆனால் அங்கே அது பள்ளி நாள். காலை ஒன்பது மணி ஆகவில்லை. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் தங்கள் பள்ளிச் சுவர்களுக்கு அடியிலேயே மடிந்தார்கள். 2008 மே மாதம் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலும் இதே கொடுமை நடந்தது. கூரையும் சுவரும் பிள்ளைகளைக் கொல்லும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்தவர்கள் நாம்.

ஆகவே பள்ளிச் சுவரை யார் எழுப்புகிறார் என்ற கேள்வியில் உணர்ச்சிவசப்பட இடமில்லை. நேபாளத்தில் நிலநடுக்கத் தொழில்நுட்பத்துக்கென இயங்கும் தேசியச் சங்கம், 1990-களின் இறுதியிலிருந்தே காத்மாண்டு பள்ளத்தாக்கின் பள்ளிகளை வலுப்படுத்தத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பள்ளியையும் உள்ளூர்க் கொத்தனார்களுக்கான பயிற்சிக் களமாக அது ஆக்கிக்கொண்டது. மூலைகளில் கம்பியை எப்படி வளைப்பது, செங்கல் வரிசைகளுக்கு இடையே கட்டுப்பட்டையை எங்கே ஓட்டுவது என்றெல்லாம் அங்கேதான் கற்றார்கள். 2015-இல் அப்படி வலுப்படுத்திய பள்ளிகள் நின்றன; பல இடங்களில் மக்கள் அவற்றின் வளாகங்களில்தான் தஞ்சம் புகுந்தார்கள். நேபாளத்தில் பள்ளிக் குழந்தைகளைக் காக்கும் வேலை அந்தக் கொத்தனார்களின் கரணையிலும் தூக்குக்குண்டிலும் நடந்தது.

இதற்கு நேர்மாறாக இன்று உலகெங்கும் ஒரு வழக்கம் பெருகியிருக்கிறது. பணக்கார நாட்டுப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கட்டணம் செலுத்தி இரண்டு வாரம் ஆப்பிரிக்காவுக்கோ மத்திய அமெரிக்காவுக்கோ போகிறார்கள், செங்கல் அடுக்குகிறார்கள், திரும்புகிறார்கள். அவர்களில் ஓர் அமெரிக்க இளம்பெண் 2014-இல் தன் அனுபவத்தை எழுதினார். பள்ளி மாணவியாக இருந்தபோது தான்சானியாவில் ஓர் அனாதை இல்லத்துக்கு நூலகம் கட்ட அவருடைய குழு போயிருந்தது. பகலெல்லாம் மாணவியர் சுவர் எழுப்பினார்கள். அவர்கள் தூங்கிய பிறகு உள்ளூர் ஆட்கள் வந்து, கோணலாக நின்ற செங்கற்களைப் பிரித்து, விடிவதற்குள் ஒழுங்காக அடுக்கிவைத்தார்கள். வந்த பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதே என்பதற்காக! படித்தபோது எனக்கு அந்தக் கொத்தனார்களை எண்ணித்தான் வேதனையாக இருந்தது. பகலில் வெளிச்சத்தில், முழுக்கூலிக்கு, தங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்க்கச் செய்யவேண்டிய வேலையை அவர்கள் இருட்டில் மறைந்து செய்ய நேர்ந்தது.

வறிய ஊர்களில் பஞ்சம் இருப்பது உடலுழைப்புக்கு அல்ல. மண் சுமக்கவும் கலவை போடவும் ஆள் இல்லாத கிராமம் உலகில் எங்கும் கிடையாது. பொருள், தொழில்நுட்ப அறிவு, கட்டிய பின் தினமும் வந்து கரும்பலகை முன் நிற்கும் ஓர் ஆசிரியர் ஆகியவற்றுக்குத்தான் தட்டுப்பாடு. இதை ஒத்துக்கொண்டுவிட்டால் இளைஞரின் இடம் எது என்பது தானாகத் தெளிவாகும்.

இளைஞர் வேலை முகாம் என்ற ஏற்பாடு தொடங்கிய கதையையும் இங்கே நினைவுகூர வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து இரண்டாண்டுகளே ஆன 1920-இல், சுவிட்சர்லாந்துக்காரரான பியேர் செரெசோல், வெர்டன் போர்க்களத்தை ஒட்டிய எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்குச் சிறு குழுவோடு போனார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அதில் இருந்தார்கள். இடிந்த ஊரைச் சீர்செய்வது வேலை. பகைத்தவர்கள் ஒன்றாக வியர்வை சிந்துவது நோக்கம். அங்கே கட்டடம் ஒரு வழிதான். வந்தவர்கள் மாறவேண்டும் என்பதையே செரெசோல் வெளிப்படையாக நாடினார். பிகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு 1934-இல் அவர் இந்தியாவுக்கும் வந்து கிராமங்களைத் திரும்ப எழுப்பும் பணியில் ஈடுபட்டார். அவருக்குப் பின் வந்த பலர் முகாமை எடுத்துக்கொண்டு நோக்கத்தை விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

இனி உங்களை மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்க்கினா ஃபாசோ நாட்டின் காண்டோ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போகிறேன். சற்று அதிக நேரம் அங்கே இருக்கப்போகிறோம்.

காண்டோவில் 1965-இல் பிறந்தவர் ஃபிரான்சிஸ் கெரே. ஊர்த்தலைவரின் மூத்த மகன். அந்த ஊரிலிருந்து பள்ளிக்கு அனுப்பப்பட்ட முதல் பிள்ளை அவர்தான். ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் பெற்றோரைப் பிரிந்து டெங்கோடோகோ என்ற நகரத்துக்குப் போனார். வகுப்பறை சிமென்ட் கட்டடம், வெளிச்சம் குறைவு, காற்றோட்டம் கிடையாது, நூறு பிள்ளைகளுக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் இருந்தபோதே, ஒரு நாள் இதைவிட நல்ல பள்ளி கட்டுவேன் என்று நினைத்துக்கொண்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1985-இல் தச்சுத்தொழில் பயிற்சிக்கு உதவித்தொகை கிடைத்து பெர்லின் போனார். பகலில் தச்சு, இரவில் பள்ளிப்படிப்பு. பிறகு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை. மாணவராக இருக்கும்போதே 1998-இல் நண்பர்களைச் சேர்த்துத் தன் ஊர்ப் பள்ளிக்காக ஒரு சங்கம் தொடங்கி நன்கொடை திரட்டினார். 2001-இல் பள்ளி எழுந்துவிட்டது. அவர் பட்டம் வாங்கியதோ 2004-இல். இளைஞர் தொண்டு என்று சொன்னால் என் மனத்தில் முதலில் வந்து நிற்பவர் இவர்தான்.

களிமண்ணில் கட்டுவேன் என்று அவர் சொன்னதும் ஊர் மக்களுக்கு ஏமாற்றம். ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்தவன் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஏதோ கொண்டுவருவான் என்று எதிர்பார்த்திருந்தார்கள். மண்சுவர் ஒரு மழைக்காலம் தாங்காது என்பது அவர்களுடைய வாழ்க்கை அனுபவம். கெரே அதை மறுத்துப் பேசிக்கொண்டிருக்கவில்லை. மண்ணால் ஒரு வளைவைக் கட்டி, அதன் மேல் ஆட்களை ஏறிக் குதிக்கச் செய்து காட்டினார். மண்ணோடு சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய கற்களை ஊரார் தாங்களே செய்தார்கள். அடித்தளத்துக்கு வேண்டிய கல்லைப் பிள்ளைகள் பொறுக்கிவந்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். தரையைத் திமிசுக்கட்டையால் இடித்து வழவழப்பாக்கும் வேலையும் அவர்களுடையது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டுத் தரைகளை அப்படித்தான் அவர்கள் செய்துவந்தார்கள்.

கூரைதான் இந்தப் பள்ளியின் அறிவு. அந்தப் பகுதியில் எல்லோரும் தகரக் கூரை போடுகிறார்கள். வெயிலில் அது உள்ளே இருப்பவர்களை வேகவைத்துவிடும். கெரே தகரத்தைச் சுவரிலிருந்து நன்கு மேலே தூக்கி நிறுத்தினார். அதற்கும் கீழே காற்றுத் துளைகளோடு மண்ணால் ஓர் உள்கூரை. சூடான காற்று துளைகள் வழியே மேலேறித் தகரத்துக்கும் உள்கூரைக்கும் நடுவே வெளியேறிவிடும். கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். நீண்டு இறங்கும் தகரம் மழைச்சாரல் மண்சுவரில் படாமல் காக்கும். கனமான இரும்புச் சட்டங்களைக் கொண்டுவரச் சாலை வசதி இல்லை; தூக்கி வைக்கப் பாரந்தூக்கியும் இல்லை. சாதாரணக் கட்டுமானக் கம்பிகளையே வெட்டிப் பற்றவைத்துக் கூரைச்சட்டம் செய்தார்கள். கை ரம்பமும் சின்னப் பற்றவைப்புக் கருவியும் போதுமாயிருந்தன. அந்த இரண்டையும் கையாள ஊர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

பள்ளி திறந்தபின் நடந்தவை எனக்கு இன்னும் முக்கியம். உள்ளூர் நிர்வாகம் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முன்வந்தது. அங்கே பயிற்சி பெற்ற இளைஞர்களை நகரத்தின் பொதுக் கட்டுமான வேலைகளில் அமர்த்தவும் முயன்றது. பக்கத்தில் இரண்டு கிராமங்கள் இதே முறையில் கூடிச் சேர்ந்து தங்கள் பள்ளியைத் தாங்களே எழுப்பின. ஆசிரியர் குடியிருப்பு 2004-இல் வந்தது. 120 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி 700 பிள்ளைகள் வரை வளர்ந்தது. 2004-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது. 2022-இல் பிரிட்ஸ்கர் விருது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் கெரே. ஆசிரியர் குடியிருப்பை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நன்கொடையாளர்கள் வகுப்பறைக்குப் பணம் கொடுப்பார்கள். பலகையில் பெயர் பொறிக்கலாம். ஆசிரியர் எங்கே தங்குவார் என்று அரிதாகவே கேட்பார்கள். நகரத்திலிருந்து வரும் ஆசிரியர் தங்க வீடில்லாத கிராமத்தில் எத்தனை மாதம் இருப்பார்?

ஊரே பள்ளி கட்டும் வழக்கத்தைக் கென்யா ஒரு தேசிய இயக்கமாகவே நடத்திப் பார்த்தது. 1963-இல் விடுதலை பெற்றதும் ஜோமோ கென்யாட்டா 'ஹராம்பே' என்ற அறைகூவலை விடுத்தார்; எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்பது அதன் கருத்து. ஊர் ஊராகப் பணம் திரட்டி, கல் சுமந்து, மேல்நிலைப் பள்ளிகளை எழுப்பினார்கள். 1970-களில் அரசுப் பள்ளிகளைவிட ஹராம்பே பள்ளிகள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தன. அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஏழைக் குடும்பங்கள் மேல் வசூல் சுமையாக இறங்கியது. அரசியல்வாதிகள் நன்கொடை மேடையைத் தேர்தல் மேடையாக்கினார்கள். எல்லாவற்றையும்விட, பல பள்ளிகளில் தகுதி பெற்ற ஆசிரியர் இல்லை. இந்த இடைவெளியில்தான் வெளிநாட்டு இளைஞர்கள் உண்மையில் பயன்பட்டார்கள். அமெரிக்க அமைதிப் படை போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் ஹராம்பே பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் கற்பித்தார்கள். சுவரை ஊர் எழுப்பியது. பாடத்தை அவர்கள் நடத்தினார்கள். அந்தப் பங்கீடு எனக்குச் சரியாகப் படுகிறது.

இதே காலத்தை ஒட்டி, 1958-இலிருந்து, காமராசர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராயிருந்தபோது நம் ஊர்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நிலமும் பெஞ்சும் மணியும் கடிகாரமும் ஊரார் கொடுத்தார்கள். ஆசிரியர் சம்பளத்தை மட்டும் ஊர் தலையில் அரசு கட்டவில்லை. கென்யாவின் அனுபவத்தோடு வைத்துப் பார்க்கும்போது அந்த முடிவின் அருமை தெரிகிறது.

கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தோனேசிய அரசு 1973-க்கும் 1979-க்கும் இடையில், எண்ணெய் வருவாயைக் கொண்டு, 61,000-க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. அதன் பயனைப் பின்னர் எஸ்தர் டஃப்லோ அளந்தார். 2019-இல் பொருளாதார நோபல் பெற்றவர். பள்ளிகள் அதிகம் எழுந்த மாவட்டங்களில் பிள்ளைகள் கூடுதல் காலம் படித்தார்கள், வளர்ந்தபின் கூடுதல் ஊதியமும் பெற்றார்கள் என்று கண்டார். அங்கே அரசு ஆசிரியர்களையும் சேர்த்தே அனுப்பியது. மறுபுறம், ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007-இல் புதிய கட்டடம் எதுவுமின்றி, ஊரில் இருக்கும் வீட்டிலோ மசூதியிலோ, உள்ளூரில் படித்தவர் ஒருவரை வைத்துக் கிராமப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. டேனா பர்ட், லீ லிண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். பெண் குழந்தைகளின் சேர்க்கை 52 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. ஆண், பெண் சேர்க்கைக்கு நடுவே இருந்த 21 புள்ளி இடைவெளி மறைந்தே போனது. தொலைவில் இருக்கும் பள்ளிக்குப் பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப அஞ்சிய தாய், அடுத்த தெருவுக்கு அனுப்பினாள்.

அந்தத் தாயின் தெருவுக்கே ஆசிரியர் போகவேண்டும் என்று ஒரு நாடு முழுவதும் இறங்கியது 1961-இல். நாடு கியூபா. ஊர்ப்புறங்களில் எழுத்தறியாதவர் மிகுதி. ஆசிரியரும் இல்லை, பள்ளியும் இல்லை. பள்ளிகளை முன்னதாகவே மூடி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை மலைக்கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் பத்துக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட வயதினர்; பாதிக்கு மேல் பெண்கள். வராடெரோ கடற்கரையில் குறுகிய பயிற்சி. பிறகு சீருடை, பூட்ஸ், தூங்க ஒரு தூளி, ஒரு போர்வை, பாடநூல், ஒரு விளக்கு. விவசாயியின் குடிசையிலேயே தங்கினார்கள். பகலில் அவரோடு வயலில் இறங்கினார்கள். இரவில் அந்த விளக்கைக் கொளுத்திவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஹவானாவில் வளர்ந்த பதினைந்து வயதுப் பெண்ணைத் தெரியாத ஊரில் தெரியாத குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்க விட அந்த நாளில் எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? சம்மதித்தார்கள். ஆபத்தும் சிறிதல்ல. அந்த ஆண்டு தொடங்கியவுடனேயே கொன்ராடோ பெனிதெஸ் என்ற 18 வயதுத் தொண்டாசிரியரை எதிர்ப்புரட்சிக் குழுவினர் கொன்றார்கள். மாணவர் படைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நவம்பரில் மனுவேல் அஸ்குன்சே என்ற 16 வயது மாணவரையும், அவர் தங்கியிருந்த வீட்டு விவசாயியையும் சேர்த்துக் கொன்றார்கள். ஆண்டு முடிவில் 7,07,212 பேர் எழுதப் படிக்கக் கற்றதாக அரசு அறிவித்தது. பாடநூலில் அரசியல் நிறைய இருந்தது; முதல் பாடமே அமெரிக்க நாடுகள் அமைப்பைப் பற்றியது. ஒரு கட்சியின் கொள்கையை எழுத்தோடு சேர்த்துப் புகட்டியதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் ஐம்பது வயது உழவர் ஒருவர் தன் பெயரைத் தானே எழுதிய அந்த இரவில் நடந்ததை எந்தக் கொள்கையாலும் குறைத்துவிட முடியாது. விளக்கைப் பிடித்திருந்த பெண்ணுக்கும் பாடம் நடந்தது. தான் உண்ணும் சர்க்கரைக்குக் கரும்பு வெட்டுவது யார் என்று அவள் அங்கேதான் அறிந்தாள்.

தொண்டர் என்றதும் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் முகத்தையே ஏன் நினைக்கிறோம்? சொந்த நாட்டு இளைஞர்களின் தொண்டுதான் பெரியது, நீண்டது. எத்தியோப்பியாவில் 1964-இலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் பட்டம் பெறும் முன் ஓராண்டு மாகாணங்களில் பணிபுரிய வேண்டியிருந்தது. பெரும்பாலோர் ஆசிரியர்களாகப் போனார்கள். நேபாளத்தில் 1970-களில் திரிபுவன் பல்கலைக்கழக முதுகலை மாணவர்கள் தேசிய வளர்ச்சிப் பணி என்ற பெயரில் மலைக்கிராமங்களுக்குச் சென்று பள்ளிகளில் கற்பித்தார்கள். அரசியல் காற்று மாறியபோது இரண்டு திட்டங்களும் நின்றுபோயின. அது பேரிழப்பு. 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியை நான் இந்த வரிசையில் வைக்கிறேன். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, தெருத்திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தவர்கள் பெரும்பாலும் அதே தெருப் பெண்கள்தாம்.

வெளிநாட்டுத் தொண்டருக்கு இடமே இல்லையா? சிந்தனையாளர் இவான் இலிச் அப்படித்தான் சொன்னார். 1968-இல் மெக்சிகோவின் குவர்னவாகாவில், கோடை விடுமுறைக்குக் கிராமத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் கூட்டத்துக்கே அழைக்கப்பட்டு, அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்: பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள். மொழி தெரியாமல், அந்த ஊரின் துன்பம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாமல் வருவதைத்தான் அவர் கடிந்தார். அவர் சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு என் பதில் கானா. 1961 ஆகஸ்ட் 30 அன்று அமைதிப் படையின் முதல் குழு, 51 பேர், அக்ரா விமான நிலையத்தில் இறங்கி கானா மக்களின் த்வி மொழியில் பாடினார்கள். பாட்டோடு நின்றிருந்தால் அது வெறும் மரியாதை. அவர்கள் கானா அரசு கேட்டு வந்த ஆசிரியர்கள், இரண்டாண்டு தங்கினார்கள். பிரிட்டனில் 1958-இல் தொடங்கிய வெளிநாட்டுத் தன்னார்வப் பணி அமைப்பும் முதலில் பள்ளி முடித்த பதினெட்டு வயதினரைத்தான் அனுப்பியது. பட்டமும் தொழில் அறிவும் உள்ளவர்களே தேவை என்பதைக் காலப்போக்கில் உணர்ந்து மாற்றிக்கொண்டது.

நல்ல மனம் மட்டும் போதும் என்று எண்ணினால் என்ன நேரும் என்பதற்குக் பள்ளி கட்ட நன்கொடை திரட்டிய கிரெக் மார்ட்டென்சன் என்ற அமெரிக்கரின் அமைப்பு சான்று. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளி கட்ட அமெரிக்கக் குழந்தைகள் சில்லறைக் காசு சேர்த்து அனுப்பினார்கள். 2011-இல் கணக்கு பற்றிய கேள்விகள் வெடித்தன. மறு ஆண்டு மொன்டானா மாநில அரசு வழக்கறிஞரின் விசாரணைக்குப் பின் அவர் பத்து லட்சம் டாலர் அமைப்புக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். அந்தக் காசு சேர்த்த குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?

மாணவர்களே, உங்களை யாராவது பள்ளி கட்ட அழைத்தால் தயங்காமல் கேளுங்கள். வரைபடம் போட்டவர் யார்? நிலநடுக்கத்துக்கும் மழைக்கும் கணக்குப் பார்த்திருக்கிறதா? ஊரில் கொத்தனார் எத்தனை பேர், அவர்களுக்குக் கூலி என்ன? நிலம் யார் பெயரில் இருக்கிறது? ஆசிரியரை நியமிப்பது யார், அவர் எங்கே தங்குவார்? ஐந்தாண்டு கழித்துத் தகரம் பறந்தால் பணம் எங்கிருந்து வரும்? உங்கள் விமானச் சீட்டின் விலையில் அந்த ஊரில் எத்தனை மாதம் ஒரு கொத்தனாருக்கு வேலை கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பதில் வந்த பிறகும் போகவேண்டும் என்று தோன்றினால், அந்த ஊரின் மொழியைப் படிக்கத் தொடங்குங்கள். ஓராண்டாவது தங்க வழி தேடுங்கள். அங்கே உள்ள தலைமை ஆசிரியருக்குக் கீழே வேலை செய்யச் சம்மதியுங்கள். பொறியியல் படிப்பவர்கள் மண்கட்டுமானத்தையும் நிலநடுக்கத் தாங்குமுறையையும் இங்கேயே, இப்போதே கற்றுக்கொள்ளலாம். கெரேயின் பள்ளிக்கும் காத்மாண்டுப் பள்ளிகளுக்கும் அந்த அறிவுதான் உயிர் கொடுத்தது. மற்றவர்களுக்கு, இந்தக் கல்லூரி வாசலிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் சிலர் இன்று இந்த அரங்கில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களைச் சந்தித்து, வாரத்தில் எந்தெந்த நாள் வரலாம் என்று கேளுங்கள்.